கடலூர் வெயிலும் கடிகார வேகமும்

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் நிறுவனம் இரண்டு பிராசசர்களை வெளியிட்டது. 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பென்டியம் 2-இன் விலை 669 டாலர். 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செலிரான் 300ஏ-வின் விலை 149 டாலர். கம்ப்யூட்டரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்களிடையே விரைவில் செய்தி பரவிவிட்டது: அந்த மலிவுச் சிப்பை 450-இல் ஓட்டினாலும் பெரும்பாலும் அசராமல் ஓடுகிறது! கால்வாசிக்கும் குறைந்த விலையில் அதே வேகம். ஓவர்கிளாக்கிங் என்ற கலையில் இதைவிட அழகான உருப்படி அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

அழகு அதன் கணக்கில் இருக்கிறது. மதர்போர்டின் அடிப்படைத் துடிப்பை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் பிராசசரின் வேகம் கிடைக்கும். 300ஏ-வின் பெருக்கெண் 4.5, அதை மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டியிருந்தது. ஆனால் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 100 ஆக்கினால் 450 வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் மெமரியும் ஓடுகிறது, ஹார்டு டிஸ்க்கின் தகவல் போய்வரும் பிசிஐ தடமும் ஓடுகிறது. சிதம்பரம் நாட்டியாஞ்சலி மேடையில் நட்டுவனார் காலத்தைக் கூட்டினால் ஆடுபவர் மட்டுமா ஓட வேண்டும்? மிருதங்கமும் பாட்டும் கூடவே ஓட வேண்டுமே. துடிப்பை 83-இல் வைத்தால், 33-இல் ஓட வேண்டிய பிசிஐ 41-ஐத் தாண்டும். டிஸ்க்கில் எழுதியது சிதைந்துபோகும். 100-க்கே போய்விட்டாலோ, மதர்போர்டு இரண்டால் வகுப்பதை விட்டு மூன்றால் வகுக்கத் தொடங்கும். பிசிஐ மறுபடி தன் 33-க்கே வந்து சேரும். சிப்பைத் தவிர வேறெதுவும் தன் எல்லையை மீறியிருக்காது.

அபிட் பிஎச்6 மதர்போர்டு வைத்திருந்தவர்கள் பயாஸ் திரையிலேயே இதை மாற்றிக்கொண்டார்கள். அந்த வசதி இல்லாதவர்கள் கையில் எடுத்தது ஒட்டு டேப். சிப் அட்டையின் விளிம்பில் வரிசையாகத் தங்கப் பூச்சு முனைகள் இருக்கும். அவற்றில் பி21 என்ற ஒரே ஒரு முனையின் மேல் மட்டும் மெல்லிய டேப் கீற்றை வெட்டி ஒட்ட வேண்டும். பக்கத்து முனையில் ஏறிவிட்டால் கம்ப்யூட்டர் எழாமலே போகலாம். சரியாக ஒட்டினால், 100-க்கான சிப் வந்திருப்பதாக போர்டு தானே எடுத்துக்கொள்ளும். 2000-இல் வந்த ஏஎம்டி டியூரானுக்கு இன்னும் எளிய கருவி போதுமானதாக இருந்தது: கூராகச் சீவிய பென்சில். சிப்பின் மேற்பரப்பில் எல்1 என்று குறித்த இடத்தில் லேசரால் வெட்டிய நுண்ணிய பாலங்கள் தெரியும். பென்சில் கரி மின்சாரம் கடத்தும் என்பதால் ஒவ்வொரு வெட்டையும் ஒரு கோட்டால் இணைத்தால் பெருக்கெண்ணின் பூட்டு திறந்துவிடும். கோடுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது, அவ்வளவுதான். வேண்டாமென்றால் அழித்துவிடலாம்.

இது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. தொழிற்சாலையில் நடப்பதை அறிந்தால் அந்த எண்ணம் மாறும். ஒரே சிலிக்கான் வட்டிலிருந்து வெட்டி எடுக்கும் சிப்கள் எல்லாம் ஒரே திறத்தில் இருப்பதில்லை. சோதித்து, தரம் பிரித்து, எண் அச்சிடுகிறார்கள். உற்பத்தி நன்றாக அமைந்த காலத்தில் பெரும்பாலானவை உயர்ந்த வேகத்தைத் தாங்கும். ஆனால் சந்தைக்கு மலிவுச் சிப்களும் வேண்டுமே, அதனால் நல்ல சிப்பின் மேலும் சிறிய எண் ஏறுகிறது. அப்படி ஒளிந்திருக்கும் திறத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கலை. துடிப்பைச் சிறிது ஏற்றி, இரவு முழுக்கக் கடும் கணக்குப் போடவிட்டு, காலையில் பிழை இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி சிறிது ஏற்றும் பொறுமை இதற்கு வேண்டும்.

இந்தக் கணக்கைக் கடலூரில் போட்டால் விடை மாறுகிறது.

ஹீட்சிங்க்கும் விசிறியும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சிப்பை அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காது. குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் சோதித்து 75 டிகிரி காட்டிய சிப், மே மாதப் பிற்பகலில் மஞ்சக்குப்பத்தில் ஏசி இல்லாத 37 டிகிரி அறையில் 90-ஐத் தொடும். இன்றைய இன்டெல் சிப்கள் பல 100 டிகிரியில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஏஎம்டியின் பல ரைசன் சிப்களுக்கு அந்த எல்லை 95. தேவனாம்பட்டினம் பக்கம் கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர, ஹீட்சிங்க் இடுக்குகளில் தூசி களிம்பாகப் படியும். அண்ணாமலை நகர் விடுதி அறையில் மார்கழியில் சோதித்து வைத்த வேகம், அக்னி நட்சத்திரத்தில் நீலத்திரை காட்டுவதில் வியப்பில்லை.

கரண்ட் செலவும் உண்டு. சிப் உறிஞ்சும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். 3.6 கிகாஹெர்ட்ஸை 4.0 ஆக்க 1.2 வோல்ட்டை 1.35 ஆக்க நேர்ந்தால், வேகம் 11 சதவீதம் கூடும்போது செலவு 40 சதவீதம் கூடும். 100 வாட் சிப் 140 வாட் கேட்கும். தினம் எட்டு மணி நேரம் அப்படி உழைத்தால், வீட்டுக்குக் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்தில் 19 யூனிட்டுக்கு மேல் கூடுதல். அந்த 40 வாட்டும் அறைக்குள்ளேயே வெப்பமாக இறங்குகிறது.

2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது இன்டெல் வாசலையே சாத்தியது. துடிப்பை அதிகம் அசைக்க முடியாது. பெருக்கெண்ணைத் தாராளமாக ஏற்ற, விலை கூடிய கே வகைச் சிப்பும் அதற்கேற்ற மதர்போர்டும் வாங்க வேண்டும். மலிவை உயர்த்தும் கலைக்கு முன்பணம் கேட்டார்கள்! 2014-இல் பென்டியம் ஜி3258 என்ற 72 டாலர் சிப்பைத் திறந்துவிட்டார்கள். 3.2 கிகாஹெர்ட்ஸ் சிப்பை 4.5 வரை ஏற்றியவர்கள் பலர். ஆனால் அதற்கு இரண்டே கோர். அதே ஆண்டு வந்த ஃபார் க்ரை 4 விளையாட்டு, இரண்டு கோர் சிப்பில் முதலில் தொடங்கவே மறுத்தது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் இல்லாத கோரை ஓவர்கிளாக்கிங் உண்டாக்கித் தராது. சிப் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நின்று யோசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: வீடியோ எடிட்டிங்குக்கோ கோடு கம்பைல் செய்யவோ என்றால், பெரிய கூலருக்கும் விலை கூடிய போர்டுக்கும் போகும் பணத்தில் கூடுதல் கோர் உள்ள சிப்பை வாங்குவதே மேல்.

2017-இல் ரைசன் 7 1700 வந்தபோது மட்டும் பழைய சுவை திரும்பியது. 329 டாலர் சிப். 499 டாலர் 1800எக்ஸ்-இல் இருந்த அதே எட்டு கோர். கையால் 3.8 வரை ஏற்றினால் இடைவெளி பெரும்பாலும் மறைந்தது. அதன் பிறகு சிப்களே தம் வெப்பத்தையும் மின்சாரத்தையும் பார்த்துத் தம்மை ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்டன. மனிதக் கைக்கு மிச்சம் கொஞ்சமே. எல்லையை ஒட்டி ஓடும் அந்த விளிம்பு எவ்வளவு கூர்மை என்பதும் 2024-இல் தெரிந்தது. மிகை மின்னழுத்தத்தால் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பல தடுமாற, நிறுவனம் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது.

கடலோரத்துக்கு ஏற்ற கைவேலை இன்று எதிர்த்திசையில் இருக்கிறது: வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தைக் குறைப்பது. அதே பொறுமை, அதே இரவு முழுக்கச் சோதனை. 1.2 வோல்ட்டில் ஓடும் சிப் 1.1-இலும் பிழையில்லாமல் ஓடினால், வேகம் குறையாமலே 16 சதவீதம் மின்சாரம் மிச்சம். வெப்பம் தணிவதால் தானியங்கி வேகமும் கூடுதல் நேரம் உச்சத்தில் நிற்கும். ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பில் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக இதைக் குறைக்கலாம். ஒரு கோர் 30 படி இறங்கும், பக்கத்துக் கோர் 10 படியிலேயே திணறும். எது எவ்வளவு தாங்கும் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகலாம். அந்த வாரத்தை மே மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது.