காணாமல் போன மாடு

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் ரிஷபவாகனர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சிறுவன், "அப்பா, இவரு எதுமேல சாஞ்சு நிக்கிறாரு?" என்றான். "மாடு இருந்திருக்கும்டா. காணாமப் போயிருச்சு."

இந்தச் சிலை பற்றி இதைவிட நேர்மையான ஒரு வரியை நான் படித்ததில்லை. நம்மில் பலர் அந்த வெற்றிடத்தைக் கொண்டாடித்தான் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். காலைக் குறுக்கே வைத்து, பாம்பு சுற்றிய சடையைத் தலைப்பாகை மாதிரி கட்டிக்கொண்டு, ஒரு கையைக் காற்றில் ஊன்றி நிற்கிற ஒயிலைப் பார்த்தால் 'இல்லாத மாடுதான் அழகு' என்று எழுதத் தோன்றும். இப்போது அது கூச்சமாக இருக்கிறது. வார்த்தவர் மாட்டை நினைத்துத்தானே அந்தக் கையை மடக்கினார்? தொலைந்துபோனதை அவர் கணக்கில் வரவு வைக்க நாம் யார்?

திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டுகளில் இவருக்குக் கணக்கு இருக்கிறது. ராஜராஜன் காலம், 1011இல் ரிஷபவாகன தேவர், அடுத்த ஆண்டு உமை. பிறகு எப்போதோ மண்ணுக்குள் போனார்கள். 1951இல் தொடங்கிய இந்தக் கலைக்கூடத்துக்கு வந்தபோது திருவெண்காடு தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991இல் நாகப்பட்டினத்துக்கும் 2020இல் மயிலாடுதுறைக்கும் ஊர் கைமாறிவிட்டது. சாமி மட்டும் தஞ்சாவூரிலேயே.

இவர் உற்சவமூர்த்தி. வீதியுலா வந்த காலத்தில் பட்டும் நகையும் மாலையும் உடம்பை மூடியிருக்கும். ஊர்க்காரர்கள் பார்த்தது பெரும்பாலும் முகத்தைத்தான். நாம் உருகி உருகி எழுதுகிற அந்த இடுப்பு வளைவு துணிக்குள்ளே இருந்தது. அதை எனக்குக் காட்டியது மியூசியம்தான், அந்த நன்றியை மறைக்க முடியாது. ஆனால் அருங்காட்சியகப் பலகைகள் பொதுவாகப் பெயர், நூற்றாண்டு, ஊர் என்று மூன்று விஷயத்தோடு நின்றுவிடுகின்றன. சிலை எப்படித் தெருவுக்கு வந்தது, யார் தூக்கினார்கள், நகைக்கு யார் பொன் கொடுத்தார்கள் என்பதெல்லாம் கோயில் சுவரோடு தங்கிவிடுகிறது. பிறகு நாம் வந்து நின்று, 'என்ன ஒரு அனாடமி!' என்கிறோம். பார்க்கக் கிடைத்ததை மட்டும் வைத்து எழுதுவது விமர்சனத்தில் பாதிதான். (ரோடினே வெறும் போட்டோக்களைப் பார்த்துத்தான் நடராஜரைப் பற்றி எழுதினார் என்று யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும்.)

சிறுவன் அதற்குள் அப்பா தோளில் முழங்கையை ஊன்றி, காலைக் குறுக்கே வைத்துப் பார்த்தான். நிற்க முடியவில்லை, சரிந்தான். "நேரா நில்லுடா" என்று இழுத்துக்கொண்டு போனார்.

எப்போதும் தஞ்சாவூரோடு திரும்பிவிடுவேன். இந்தத் தடவை மயிலாடுதுறைக்கு டிக்கெட் எடுத்தேன். அங்கிருந்து பூம்புகார் பக்கம் பஸ் மாறினால், அந்தச் சுவர்.