வருடத்தை அழித்துவிட்டுச் சொல்லப்படும் கதைகள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போய், அங்கேயே மென்பொருள் வேலையில் சேர்ந்து பெரிய ஆளானவர்களைப் பற்றி எழுதுவதும் பேசுவதும் தமிழில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. வாரப்பத்திரிகைக் கட்டுரை, கல்லூரி ஆண்டுவிழாப் பேச்சு, யூட்யூப் காணொளி, கன்சல்டன்சிக்காரர்களின் துண்டுப்பிரசுரம் எல்லாவற்றிலும் வருவது ஒரே கதைதான். சாதாரணக் குடும்பம், தியாகம் செய்த அப்பா, கெட்டிக்காரப் பையன், விமான டிக்கெட், பிறகு உச்சி. சினிமாவுக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிற நாம், லட்சக்கணக்கான ரூபாய் கடனை முடிவு செய்கிற இந்த வகைக்கு ஏன் விமர்சனம் எழுதுவதில்லை? இந்தக் குறிப்பு அதற்கான ஒரு முயற்சி.

என் வாதம் சின்னதுதான். இந்தக் கதைகள் பொய் சொல்வதில்லை. ஆனால் வருடத்தை அழித்துவிட்டுச் சொல்கின்றன. வருடம் போனால் அது கூடவே விதியும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது திறமையும் தியாகமும் மட்டும். கேட்கிறவர், நம் பையனிடமும் அந்த இரண்டும் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்கிறார்.

மூன்று கதைகளை வருடத்தோடு சேர்த்துப் படித்துப் பார்ப்போம்.

முதலில் ராஜ் ரெட்டி. சித்தூர்ப் பக்கத்து காட்டூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1958-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்தார். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு, அங்கேயே ஐபிஎம்-மில் சுமார் மூன்று ஆண்டு வேலை, பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வு. 1966-ல் முனைவர் பட்டம். 1994-ல் டூரிங் விருது. ஆசியாவில் பிறந்த ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. வெளிநாட்டு மாணவராகப் போய் கணினித் தொழிலைத் தொடங்கியவர் என்று தேடினால் நம் பக்கத்து ஆரம்பகால உதாரணம் இவர்தான்.

இப்போது வருடத்தைச் சேர்ப்போம். 1946 முதல் அமெரிக்காவில் குடியேற இந்தியாவுக்கு இருந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். ஆமாம், வெறும் 100. இந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை ஒழித்த சட்டம் கையெழுத்தானது 1965 அக்டோபரில். ரெட்டி பட்டம் வாங்கியது அடுத்த ஆண்டு. அவருடைய மேதைமையை இது ஒரு துளியும் குறைக்காது. ஆனால் அதே மேதைமை பத்து வருடம் முன்பு பட்டம் வாங்கியிருந்தால் எதிரே இருந்திருக்கும் சுவர் வேறு.

அடுத்தது ஸ்ரீதர் வேம்பு. 1989-ல் சென்னை ஐஐடி, 1994-ல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம், பிறகு குவால்காமில் வேலை, 1996-ல் அட்வென்ட்நெட். மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த சுந்தர் பிச்சை. மதுரையில் பிறந்தவர், கரக்பூர் ஐஐடியில் உலோகவியல், 1993-ல் ஸ்டான்ஃபோர்டு. 2020-ல் பட்டதாரிகளுக்கு ஆற்றிய உரையில், தன் விமான டிக்கெட்டுக்கு அப்பாவின் ஒரு வருடச் சம்பளம் அளவுக்குச் செலவானதைச் சொன்னார். தமிழ்ப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது இந்த டிக்கெட்டைத்தான்.

இந்த இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 என்ற வரம்பை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. அந்த வரம்பு முதன்முதலாக நிரம்பியது 1997-ல். அதாவது இவர்கள் படித்து முடித்த வருடங்களில் வரம்பு இருந்தது, வரிசை இல்லை. குலுக்கல் என்ற பேச்சே கிடையாது. பிறகு வரம்பு 1,15,000 ஆகி, 1,95,000 ஆகி, 2004-ல் பழையபடி 65,000-க்கே இறங்கியது. அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குத் தனியாக 20,000 சேர்த்தார்கள். 2013 முதல் ஒவ்வொரு ஆண்டும் குலுக்கல்தான்.

கதைக்குள் டிக்கெட் இருக்கிறது, குலுக்கல் இல்லாத வருடம் இல்லை. இந்த வகையின் அடிப்படைக் கோளாறு இதுதான்.

சரி, இன்றைய பையனின் வருடம் எப்படி? படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற பெயரில் 12 மாதம் வேலை செய்யலாம். கணினி போன்ற ஸ்டெம் படிப்பு என்றால் கூடுதலாக 24 மாதம். இந்த நீட்டிப்பு 2008-ல் 17 மாதமாகத் தொடங்கி 2016-ல் 24 ஆனது. ஆனால் முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது. நீட்டிப்பையும் சேர்த்தால் 150 நாள். ஒரு கடிகாரம் இது.

இரண்டாவது கடிகாரம் நம் ஊர் வங்கியில் ஓடுகிறது. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி, படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும். அதுவரைக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் ஈடு கேட்பார்கள். நம் பக்கம் ஈடு என்றால் வீடு, இல்லையென்றால் கொல்லை.

மூன்றாவது, மார்ச் மாதக் குலுக்கல். 2025-ல் தகுதியான பதிவுகள் 3,43,981, தேர்வானவை 1,20,141. கிட்டத்தட்ட 35 சதவீதம். மூன்று வருட ஓபிடியில் மூன்று முறை முயலலாம், மூன்று முறையும் நிறுவனம் பதிவு செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மூன்றிலும் விழாமல் போக வாய்ப்பு 0.65 x 0.65 x 0.65, அதாவது நூற்றில் 27. முதுகலைக்காரருக்கு இது கொஞ்சம் குறையும். இருந்தாலும், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த நாலைந்து பேரில் ஒருவர் பெட்டி கட்டவேண்டியிருக்கும். அவர் காணொளி போடமாட்டார்.

இந்தக் கணக்கும் பழசாகிக்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பியில் எடுப்பதற்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. உள்ளேயே இருந்து விசா நிலை மாறுகிற மாணவருக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. டிசம்பரில், சம்பளநிலை உயர்ந்தவருக்குக் குலுக்கலில் கூடுதல் சீட்டு என்று விதி வந்தது. அடிமட்டச் சம்பளத்தில் தொடங்குகிற புதுப் பட்டதாரிக்கு ஒரே சீட்டு. மாதத்துக்கு மாதம் விதி மாறுகிற ஆட்டத்துக்கு 1993-ஆம் ஆண்டின் கதையைக் காட்டி ஆள் சேர்க்கிறோம்.

இந்தக் கதைகளுக்கு எதிரே வைத்துப் படிக்கவேண்டிய புத்தகம் ஒன்று உண்டு. மானிடவியலாளர் ஷியாங் பியாவ் எழுதிய 'குளோபல் பாடி ஷாப்பிங்', 2007-ல் பிரின்ஸ்டன் வெளியீடு. சிட்னியிலும் ஹைதராபாதிலும் தங்கி, ஆந்திரக் கணினி ஊழியர்களை நிறுவனங்களுக்கு வாடகைக்கு அனுப்பும் தரகு முறையை ஆராய்ந்தார். வேலை இல்லாத நாட்களில் ஆளை 'பெஞ்சில்' உட்கார வைப்பது, விசாவைக் கையில் வைத்துக்கொண்டு சம்பளத்தைக் குறைப்பது எல்லாம் அதில் வருகிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒரு ஐ.டி. ஊழியனை உருவாக்கும் செலவு கிராமத்து நிலத்திலிருந்தும் வரதட்சணையிலிருந்தும் எப்படித் திரட்டப்படுகிறது என்று அவர் காட்டுகிறார். வெற்றி ஒருவன் பெயரில் இருக்கிறது, செலவு ஒரு ஊர் கணக்கில் இருக்கிறது. புத்தகத்தின் குறை, அதில் மாணவர்கள் ஓரமாகத்தான் வருகிறார்கள். 2011-ல் கலிஃபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டு, பெரும்பாலும் ஆந்திர மாணவர்களான பலர் தெருவில் நின்றார்கள். சிலருக்குக் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். 2019-ல் அம்பலமான ஃபார்மிங்டன் பல்கலைக்கழகமோ அமெரிக்க அரசே பொறியாக நடத்திய போலி. ஷியாங் விவரிக்கும் அதே தரகு முறை கல்லூரி வாசலுக்கு வந்ததன் விளைவாகத்தான் நான் இவற்றைப் பார்க்கிறேன்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது புதுசா என்றால், இல்லை. ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, குழிபிறைப் பக்கத்துப் பையன்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பெட்டியடிப் பையன்களாகக் கப்பல் ஏறினார்கள். பெட்டியடி, அடுத்தாள், மேலாள் என்று படிகள். மூன்று வருடக் கணக்கு. சம்பளம் எவ்வளவு, எப்போது திரும்பலாம் என்பது ஏறுவதற்கு முன்பே தெரியும். அது சொர்க்கம் இல்லை. ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்களுக்கு அந்த வட்டிக்கடை வாழ்க்கையின் இறுக்கம் தெரியும். ஆனாலும் அங்கே ஒரு பேரேடு இருந்தது.

இன்னொரு பேரேடும் நம்மிடம் உண்டு. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, வருகிறவர் எழுதுவதை வாங்கிக்கொண்டு, பிறகு அவரவர் விருந்தில் திருப்பிச் செய்வது. வட்டி கிடையாது. பழையது எவ்வளவு, புதுசு எவ்வளவு என்று நோட்டில் தெளிவாக இருக்கும். போன ஆடியில் சொந்தக்காரர் ஒருவர், மொய்ப்பணத்தோடு வங்கிக்கடனையும் சேர்த்து மகனை அமெரிக்கா அனுப்புவதாக இருந்தார். "ஏப்பா, நீ அந்த வேலையிலதான இருக்க. அனுப்பலாமா வேணாமா, ஒத்த வார்த்தையில சொல்லு" என்றார். "ஒத்த வார்த்தையில வராது சித்தப்பா. உங்க மொய் நோட்டு மாதிரி ஒண்ணு எழுதுவோம்" என்றேன்.

எழுதினோம். பையன் பாஸாகி, வேலை கிடைத்து, குலுக்கலில் விழுந்தால் என்ன. வேலை கிடைத்து, குலுக்கல் விழாமல் மூன்றாம் வருடம் திரும்பினால் கடனில் எவ்வளவு மிச்சம். 90 நாளில் வேலையே கிடைக்காவிட்டால் கொல்லை என்ன ஆகும். மூன்றாவது பத்தியை எழுதும்போது அவர் பேசவில்லை. பையன்தான், "முதல்ல இங்க ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு, கடனைக் குறைச்சுக்கிட்டுப் போறேன்" என்றான். போகிறானா இல்லையா என்பதைவிட, கணக்கைப் பார்த்து அவனே முடிவெடுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

போகவேண்டாம் என்று சொல்வதல்ல இந்தக் குறிப்பின் நோக்கம். நல்ல ஆய்வகம், நல்ல ஆசிரியர், உதவித்தொகை என்றால் தாராளமாகப் போகலாம். இனி யாராவது வெற்றிக்கதை சொன்னால் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். அது எந்த வருடம்? அந்த வருடம் விதி என்ன? யார் வீட்டு ஈடு? பதில் சொல்கிற கதையை நம்பலாம். அதற்குள் பேச்சை மாற்றுகிறவர் ஏதோ விற்க வந்திருக்கிறார்.