நெகட்டிவ் எங்கே சார்?

உங்கள் வீட்டில் அப்பா, அம்மா கல்யாண போட்டோ இருக்கிறதா? சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை இருக்கும். சிலவற்றில் பேனாவால் எழுதிய ஒரு நம்பரும் இருக்கும். நெகட்டிவின் விலாசம் அது!

போன மாதம் தண்டலத்தில், ஒரு போட்டோ கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன். கம்பெனி கேட் பாஸுக்கு பாஸ்போர்ட் சைஸ், எட்டு காப்பி. க்ளிக்... கம்ப்யூட்டரிலேயே கோட் மாட்டி, பத்து நிமிஷத்தில் கவரைக் கையில் கொடுத்துவிட்டார் கடைக்காரர்.

சுவரில் மாலை போட்ட படத்தில், கடையைத் தொடங்கிய அவருடைய அப்பா.

''அப்பா எடுத்த நெகட்டிவ் எல்லாம் எங்கே சார்?''

''அதுல வெள்ளி இருக்குன்னு ஒருத்தர் மூட்டையா எடை போட்டு வாங்கிட்டுப் போயிட்டார். வெச்சுக்கிட்டு என்ன சார் பண்றது?''

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நான் பி.காம். படித்தவன். கஸ்டமர் காசு கொடுத்துப் படத்தை வாங்கிப் போன பிறகு, நெகட்டிவின் மதிப்பு கடைக் கணக்கில் பூஜ்யம்தான்.

அந்தப் பூஜ்யத்துக்கு என்ன விலை என்று தெரிய, 'ஆர்ட்டிசன் கேமரா' புத்தகத்தைப் புரட்டுங்கள். 2013-ல் நம் சென்னை தாரா புக்ஸ் வெளியிட்டது. மத்தியப் பிரதேசத்தில் நாக்தா என்று ஒரு சின்ன ஊர். கிராசிம் ஆலையால் வளர்ந்தது. வடக்கத்தி ஸ்ரீபெரும்புதூர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே சுஹாக் ஸ்டூடியோவில் சுரேஷ் பஞ்சாபி 1970, 80-களில் எடுத்த படங்களை, மானுடவியல் பேராசிரியர் கிறிஸ்டோபர் பின்னி அவரோடு சேர்ந்து புத்தகமாக்கியிருக்கிறார்.

பிரமாதமான புத்தகம். வந்து நின்றவர் யாராக இருக்க ஆசைப்பட்டாரோ, அப்படியே எடுத்திருக்கிறார் பஞ்சாபி. ஓர் ஊரே தன் கனவுகளோடு நம்மைப் பார்க்கிறது. அவர் நெகட்டிவ்களை எடைக்குப் போட்டிருந்தால்?

குறையும் உண்டு. ஆங்கிலத்தில் இருக்கிறது. படத்துக்குத் தந்த இடத்தைக் கடையின் வரவு செலவுக்குத் தரவில்லை. ஒரு குடும்பம் எப்படி அந்த இருட்டறையை நம்பிப் பிழைத்தது என்று எனக்கு இன்னும் தெரிய வேண்டும்.

நம் பக்கம் யாருமே செய்யவில்லையா? செய்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி குழுவினர், ஊர் ஊராகத் தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கினார்கள். உதவியது லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் நூலகம்! கும்பிட வேண்டிய வேலை. ஆனால், அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் 1880 முதல் 1980 வரை. இந்த நெடுஞ்சாலையின் கதையே அதற்குப் பிறகுதானே? 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருண்டது. 2006-ல் திறந்த நோக்கியா, 2014-ல் மூடியது. அந்த கேட்டுக்குள் நுழைந்த பெண்கள், முதல் சம்பளத்தில் தோழிகளோடு தோள் உரச எடுத்துக்கொண்ட படங்களை யார் தேடப் போகிறார்கள்?

கிளம்பும்போது கேட்டேன்... ''அந்தப் பையனோட ஃபைலை என்ன பண்ணுவீங்க?''

''சாயங்காலம் டெலிட் பண்ணிடுவேன் சார். இடம் அடைக்குது.''

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் போட்டோவின் பின்னால் இருக்கும் ஸ்டூடியோவைத் தேடிப் போய், நம்பரைச் சொல்லி, ''நெகட்டிவ் இருக்கா?'' என்று கேளுங்கள். கிடைக்காமல் போகலாம். ஆனாலும், கேட்க ஆள் வந்தால்தானே அது சொத்து என்று அவருக்கும் தெரியும்!