போர்ச்சுகலும் ஓரிகனும்: சட்டம் எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை

போதைப்பொருள் பயன்படுத்துவதை நோயாகப் பார்க்கும் கொள்கை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தோற்றுவிட்டது என்கிறார்கள். அங்கே சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பது குற்றமல்ல என்று 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்தார்கள். 2021 பிப்ரவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டம்பரில் வைத்திருப்பது மீண்டும் குற்றமாகிவிட்டது. தோல்விதான், மறுக்கவில்லை. ஆனால் தோற்றது எது?

போர்ச்சுகலை எடுத்துக்கொள்வோம். 2001 ஜூலை முதல் அங்கே பத்து நாள் தேவைக்குள் போதைப்பொருள் வைத்திருப்பவர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. மூவர் குழுவின் முன் போகிறார். அடிமையானவர் என்று தெரிந்தால் குழு அவரைச் சிகிச்சைக்குத் திருப்பிவிடும். விற்பவருக்குச் சிறை இன்றும் உண்டு. அந்தக் குழுவுக்குப் பின்னால் போதைக்கு மாற்று மருந்தான மெத்தடோன் தரும் மையங்களும் உளவியலாளர்களும் தெருவில் இறங்கி வேலைசெய்யும் பணியாளர்களும் இருந்தார்கள். மருந்துக்கடைகளில் பழைய ஊசியைக் கொடுத்துப் புதியது வாங்கும் திட்டம் 1993லேயே தொடங்கிவிட்டது, அதாவது சட்டம் மாறுவதற்கு எட்டு ஆண்டு முன்பே. ஊசி வழியாக எச்.ஐ.வி. தொற்றியவர்கள் சட்டம் மாறிய காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேரளவில் இருந்தார்கள். பின்னர் அது நூறுக்கும் கீழே போனது. இந்தப் பெருமையைச் சட்டத்துக்கு மட்டும் கொடுப்பது நேர்மையல்ல.

ஓரிகனில் நடந்தது வேறு. பிடிபட்டவரிடம் நூறு டாலர் அபராதச் சீட்டைத் தந்தார்கள். ஓர் உதவி எண்ணுக்குப் பேசினால் அபராதம் இல்லை. மிகச் சிலரே பேசினார்கள். பேசாதவர்களை யாரும் தேடிப் போகவில்லை. சிகிச்சைக்கென ஒதுக்கிய பணமும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதே சமயத்தில் ஃபெண்டனில் என்ற கொடிய செயற்கைப் போதைப்பொருள் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பரவியது. அதனால் நேர்ந்த சாவுகளின் பழியும் சட்டத்தின் மேல் விழுந்தது.

ஆக, தோற்றது தண்டனை நீக்கம் அல்ல, அதற்குப் பின்னால் சேவை இல்லாததுதான். போர்ச்சுகலிலும் இதற்குச் சான்று கிடைக்கிறது. சிக்கன நடவடிக்கைக் காலத்தில், 2012ல், போதைப்பொருள் பிரச்சினைக்கென இருந்த தனி நிறுவனத்தைக் கலைத்துச் சிகிச்சைப் பணியைப் பிரித்துக் கொடுத்தார்கள். 2023ல் போர்த்தோ நகரில் தெருவிலேயே போதை ஏற்றிக்கொள்கிறார்கள் என்ற புகார் பெரிதாக எழுந்தது. முன்னது பின்னதற்கு நேர்க்காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இடைப்பட்ட காலத்தில் தண்டனை நீக்கம் அப்படியேதான் இருந்தது, தேய்ந்தது சேவை.

தண்டனையை நீக்கத்தான் வேண்டும். வழக்குக்குப் பயந்தவர் மருத்துவரிடம் வரமாட்டார். ஆனால் அவர் வரும்போது படுக்கையும் மருந்தும் ஆளும் தயாராக இருக்க வேண்டும். இவற்றுக்குப் பணம் ஒதுக்காமல் தண்டனையை மட்டும் நீக்கும் மசோதா எந்த நாட்டில் வந்தாலும், அதைச் சுகாதாரச் சீர்திருத்தம் என்று நான் ஏற்கமாட்டேன்.