மகப்பேறும் தந்தையும்
(சங்கப் பாடல்கள் நான்கனை முன்வைத்து ஓர் ஆய்வு)

தாய்மையைப் போற்றாத தமிழ்ப் புலவர் அரியர். தாலாட்டு தாயின் வாய்மொழி. பிள்ளைத்தமிழின் பருவங்கள் பலவும் தாயர் மடியிலும் முற்றத்திலும் நிகழ்வன. தந்தைக்கோ நம் இலக்கியத்தில் உரிய இடம் பிள்ளை வளர்ந்த பின்னரே வாய்க்கின்றது என்பர். இக்கருத்துக்கு அரண் செய்வதுபோல அமைந்தது பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (312). பெற்று வளர்த்தலைத் தாய்க்கும், சான்றோனாக்குதலைத் தந்தைக்கும் உரிய கடன்களாக அது பங்கிட்டு வைத்தது. மேடைதோறும் எடுத்தாளப்பட்டு வருதலின், மகப்பேற்று நாளில் தந்தைக்குச் செயலும் இல்லை, சொல்லத்தக்க உணர்வும் இல்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாய் அமைந்தவர் என் பழைய மாணாக்கர் ஒருவர். பாமன்கடையில் வாழ்பவர், அண்மையில் தலைப்பிள்ளையாக ஒரு பெண்மகவுக்குத் தந்தையானவர். மகப்பேற்று விடுதியின் கதவுக்குப் புறத்தே ஓர் இரவு முழுவதும் நின்றதையும், விடியற்காலையில் துணியிற் சுற்றிய மகவைக் கையில் வாங்கியபோது வாய் அடைத்துப் போனதையும் எடுத்துரைத்த அவர், ஈற்றில் என்னை நோக்கி, "சேர், பாட்டெல்லாம் தாய்க்குத்தானே இருக்கு. தகப்பனுக்கு ஒண்டும் இல்லையோ?" என்றார். அவ்வினாவுக்கு உடனே விடையிறுக்க என்னால் இயலவில்லை. வெள்ளவத்தையில், 1942ஆம் ஆண்டில் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திற் சில மாலைகளைக் கழித்த பின்னரே விடை ஒருவாறு துலங்கிற்று.

முதற்கண் இலக்கணம் யாது கூறுகின்றது என நோக்குவாம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் நச்சினார்க்கினியர் உரையொடு 1885ஆம் ஆண்டில் அச்சேற்றிய தொல்காப்பியப் பொருளதிகாரத்தில், கற்பியல், தலைவன் பேசுதற்குரிய இடங்களை வகுத்துரைக்கின்றது. மகவு ஈன்று புனிறு தீர்ந்த பொழுதில், நெய்யாடிய மனைவியை நோக்கித் தலைவன் அவளை அணுகும் இடமும் அவற்றுள் ஒன்று. ஆகவே, மகப்பேற்றுக் காலத்தில் ஆண்மகன் வாய்திறத்தற்கு இலக்கணமே இடம் வைத்துள்ளது என்பது தெளிவு. அவ்விடத்தைச் சான்றோர் எவ்வாறு நிரப்பினர் என்பதே இனி நாம் காணவேண்டுவது.

உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார் பாடிய நற்றிணைச் செய்யுள் (370) தலைவன் கூற்றாகவே அமைந்தது. மனைவியின் ஊடல் நீண்டமையால் வருந்தும் ஒருவன், தன் பாணனை அழைத்து, 'வா, சிறிது நகுவோம்' எனத் தொடங்கிப் பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்கின்றான். மகனைப் பெற்றுக் குடிக்கு உதவியவளாய், நெய்யும் வெண்கடுகும் பூசப்பெற்று மனை விளங்கக் கிடந்தாள் அவள். அவன் அருகே சென்றான். மகனை ஈன்றமையாற் புதுப்பெயர் பெற்று முதுபெண்டாகிவிட்ட நீ உறங்குகின்றனையோ எனக் கேட்டு, அவள் வயிற்றைக் குவளை மலரால் மெல்ல ஒற்றி நின்றான். அவளோ அரும்பு போலும் முறுவல் தோன்றத் தன் கண்களைக் கையாற் புதைத்துக் கொண்டாள். இவ்வளவே செய்தி.

இப்பாட்டை ஊடற் பாட்டென்று மட்டும் கற்பித்து அமைதல் நம் வழக்கம். ஆயின், இதன் உயிர்நிலை அக்குவளை மலரிலன்றோ உள்ளது? நோவுற்று ஓய்ந்த வயிற்றைக் கையால் தொடவும் துணியாது மலரால் தொடுகின்றான். மகிழ்ந்தேன் என்றோ, அஞ்சினேன் என்றோ அவன் சொல்லவில்லை, நகையாடுகின்றான். சொல்லற்கு அரியதொன்று நெஞ்சை நிறைக்குங்கால் ஆடவர் நகைமொழியுள் ஒளிதல் இன்றும் காணப்படுவதே. மற்றுமொரு நுட்பமும் ஈண்டுக் கருதற்பாலது. அவளுக்குப் புதுப்பெயர் வந்ததை அவன் கூறுகின்றான். தனக்கும் 'தந்தை' என்னும் பெயர் வந்ததைக் கூறினான் அல்லன்.

இனி, கோண்மா நெடுங்கோட்டனாரின் நற்றிணைச் செய்யுளைக் (40) காண்போம். இது பரத்தையின் கூற்று. காவலுடைய மனையில் நெடிய நாவுடைய மணி ஒலிக்கின்றது; மணல் பரப்பிய பந்தரில் பாணர் காவலிருக்கின்றனர்; மகளிர் நற்சொற் கேட்டு நிற்கின்றனர். மணங்கமழும் மெல்லிய துணியணையிற் செவிலியொடு புதல்வன் துயில்கின்றான். வெண்கடுகு அணிந்து நெய்யாடிய தாய் இமை பொருந்திக் கிடக்கின்றாள். இத்துணைப் பேர் சூழ்ந்த அம்மனைக்கு, அதற்குரிய தலைவன் நள்ளிரவிற் கள்வனைப்போல வந்து சேர்கின்றான். தன் முன்னோன் பெயரைத் தாங்குதற்கு ஒருவன் பிறந்துவிட்டமையே அவன் வருகைக்குக் காரணம் என்கின்றாள் பரத்தை.

தன் இல்லத்துள் தானே கள்வன் ஆதல் என்னும் இவ்வுவமை அவன் ஒழுக்கத்தை இடித்துரைப்பது என்பது வெளிப்படை. ஆயினும் அவ்வளவில் அமையாமல், மகப்பேற்று மனையில் எந்தத் தந்தைக்கும் நேர்வதொன்றையும் அது சுட்டுகின்றது. அம்மனை மகளிர்க்கும் காவலர்க்கும் உரியதாகிவிட்டது. தலைவனுக்கு அதனுள் ஓர் இருக்கையும் இல்லை. நம் யாழ்ப்பாணத்து வழக்கிலும் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும் வரை, சரக்கு அரைப்போரும் பத்தியம் சமைப்போரும் நிறைந்த வீட்டில் தகப்பன் விருந்தினனைப்போல நடமாடுதலைக் கண்டுள்ளோம். இலங்கையிற் பிரசவங்கள் ஏறத்தாழ அனைத்தும் மருத்துவமனைகளிலேயே நிகழும் இந்நாளிலும், கதவின் புறத்தே நிற்கும் தந்தையின் நிலை பெரிதும் வேறுபட்டதன்று.

மூன்றாவது, ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய புறப்பாட்டு (100). பிறந்த தன் மகனைக் கண்ட அதியமானைப் பாடியது எனக் கொளுக் கூறுகின்றது. கையில் வேல், காலிற் கழல், உடலில் வியர்வை, கழுத்திற் பசும்புண், தலையில் வெட்சியும் வேங்கையும் பனந்தோட்டொடு விரவிய கண்ணி. புலியொடு பொருத களிறு போல அவன் சினம் இன்னும் மாறவில்லை. பகைவரை நோக்கிச் சிவந்த கண்கள் தன் சிறுவனை நோக்கிய பின்னும் சிவப்பு நீங்கவில்லை என முடிகின்றது பாட்டு.

இதனை வீரத்தின் உச்சம் எனப் பாராட்டுவோர் பலர். துறை அரசவாகை ஆதலின் அது தவறன்று. ஆயினும், பாட்டின் நடுவே ஔவையார் ஓர் இரக்கக் குறிப்புச் சொல்லை வைத்துள்ளார். அவனைச் சினமூட்டியோர் உய்ந்தார் அல்லர் என்பதற்கே அவ்விரக்கம் எனலாம். எனினும், மகவைக் கண்ட கண்ணும் குளிரவில்லையே என்னும் இரக்கமும் அதனுள் அடங்கும் என்பதே என் துணிபு. சிறுவனை நோக்கின் கண் தணிதல் இயற்கை என்பதை உடன்பட்டாலன்றி, தணியாமையைச் சிறப்பாக எடுத்துரைத்தற்கு இடமேயில்லை. எனவே, தந்தையின் நெகிழ்ச்சியை உலகறிந்த உண்மையாக வைத்துக்கொண்டே ஔவையார் பாடினார். அதியமானின் பசும்புண்ணையும் அவர் மறைத்தார் அல்லர். போர் ஒருவனிடமிருந்து எதைக் கவர்ந்து செல்லும் என்பதை அவ்வொரு காட்சி காட்டிவிடுகின்றது. நெடும்போரைக் கண்ட இத்தீவினர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

நான்காவது, பொத்தியாரின் புறப்பாட்டு (222). கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது உடனிருக்கத் துணிந்த பொத்தியாரை, 'நின் நிழலினும் பிரியாத மனைவிக்கு மகன் பிறந்த பின்னர் வா' எனக் கூறி அவன் தடுத்தான். மகன் பிறந்தான். பொத்தியார் திரும்பி வந்தார். அதற்குள் சோழன் நடுகல்லாகிவிட்டான். அக்கல்லை நோக்கி, என்னை விலக்கிய அன்பிலாதவனே, எனக்குரிய இடம் எது என வினவுகின்றார் அவர்.

சோழன் வடக்கிருந்தது தன் மக்கள் இருவர் தன்மேற் போருக்கு எழுந்தமையால் நேர்ந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். புதல்வராற் புண்பட்ட ஒருவன், நண்பனுக்குப் புதல்வன் பிறக்கும் வரை சாவைத் தள்ளிவைக்கச் சொல்கின்றான். தன் வாழ்வில் பொய்த்துப்போன ஒரு பேற்றின்மேல் அவன் நம்பிக்கை இழக்கவில்லை. பொத்தியாரோ அப்பேற்றைக் கண்டும் தங்கவில்லை. மகனைப் பற்றி அவர் ஒரு சொல்லும் மிகைபடக் கூறாமை நம்மை உறுத்துகின்றது. மனைவியையும் பச்சிளங் குழவியையும் விட்டு நட்பின் பொருட்டு உயிர் துறத்தலைச் சால்பெனப் போற்றும் நாம், அக்குழவியின் பக்கத்தில் நின்றும் ஒருகால் எண்ணிப் பார்த்தல் தகும்.

இந்நான்கனையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நான்கு பாடல்களிலும் 'தந்தை' என்னும் சொல்லே இல்லை. எந்தத் தந்தையும் தன் மகிழ்ச்சியை நேராகச் சொன்னான் அல்லன். ஒருவன் மலரால் தொடுகின்றான். ஒருவன் கள்வனாய் வருகின்றான். ஒருவன் சிவந்த கண்ணொடு நிற்கின்றான். ஒருவன் சாவை நோக்கி நடக்கின்றான். ஒவ்வொருவனும் பிழையொன்றையோ, போரையோ, கடனையோ சுமந்தே மகவின் முன் வருகின்றான். தாய்க்கு மகப்பேறு உடலால் நிகழ்வது. அதனின்றும் அவள் விலக இயலாது. தந்தைக்கோ அஃது அவன் வந்து சேரவேண்டிய ஓர் இடம். வருதலும் வாராமையும் அவன்பால் உள்ளன. இவ்வேறுபாட்டையே சான்றோர் பாடினர். அங்ஙனம் வந்து சேர்ந்தவனைப் பேயனார் குறுந்தொகையிற் (359) காட்டுகின்றார். நிலவொளியிற் கட்டிலிற் கிடந்து அவன் புதல்வனைத் தழுவுகின்றான். மனைவி அவன் முதுகைத் தழுவுகின்றாள். ஊடல் தீர்ந்தது எனத் தனியே கூற வேண்டாத காட்சி அது.

பிற்காலத்தில் இக்குரல் மங்கியது. பெரியாழ்வார் கண்ணனைப் பாடுங்கால் ஆண்மகனாகிய தாம் அசோதையாக மாறினார். குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில், பிள்ளைமை இன்பம் நந்தனுக்கு வாய்த்து வசுதேவனுக்கு வாய்க்காது போனதனைத் தேவகியே புலம்புகின்றாள். தந்தையின் இழப்பும் தாயின் வாயிலாகவே வெளிவர வேண்டியதாயிற்று.

இத்துணையும் கூறிய பின், ஒரு குறையை மறைத்தல் நேர்மையாகாது. நான்கு பாடல்களிலும் பிறந்தது ஆண்மகவே. பெண்மகவு பிறந்த நாளிற் சங்கத் தந்தை ஒருவன் எவ்வாறு நின்றான் என்பதற்கு இவற்றுள் விடை இல்லை. முன்னோன் பெயரைத் தாங்கவும் குடியை நிறுத்தவும் வேண்டப்பட்டவன் மகனே. 1917ஆம் ஆண்டில் வெளிவந்த கண்ணன் பாட்டிலே பாரதியார் கண்ணம்மாவைக் குழந்தையாகப் பாடியதும், பாரதிதாசன் பெண்குழந்தைக்கெனத் தாலாட்டு இயற்றியதும் இக்குறையை ஓரளவு நிறைத்தன. எனினும் அவை பிறந்த நாளின் பாட்டுக்கள் அல்ல.

ஆதலின், பாமன்கடை நண்பருக்கு யான் கூறத்தக்க விடை இதுவே: தந்தைக்குப் பாட்டு உண்டு, அது மகிழ்ச்சிப் பாட்டாக மட்டும் அமையவில்லை. விடியற்காலையில் அவர் வாய் அடைத்துப் போனது குறையன்று; குவளை மலரைக் கையிலேந்தியவனும் நேரே பேசினான் அல்லன். ஆனால் அவர் கையில் வாங்கிய பெண்மகவுக்குரிய பாட்டு அப்பழம்பாடல்களில் இல்லை. பழம்பாடல்களைக் கற்றலின் பயன் அவற்றைப் போற்றி அமைதல் மட்டுமன்று. அவை வெற்றிடமாக விட்டுச் சென்ற இடத்தை அடையாளம் காணுதலுமாம். அவ்விடத்தை நிரப்புதல் மகளைக் கையிலேந்தி நிற்கும் இன்றைய தந்தையர்க்கு உரிய கடனாகும்.