பகலில் மட்டும் சொட்டும் குப்பி

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பலரின் பையில், அக்டோபர் பிறந்தால் ஸ்கிரேப் டிரிப்பரும் ஏறிவிடும். பேட்டரி கிடையாது, பட்டன் கிடையாது. துணி உறைக்குள் வாசனைத் திரவம் ஊற்றும் ஒரு பிளாஸ்டிக் குப்பி, அதிலிருந்து இறங்கும் சின்னக் குழாய், அவ்வளவுதான்.

பல இடங்களில் நவம்பரில் மான்கள் இணைசேரும் பருவம் உச்சத்துக்கு வரும். அதற்கு முன்பே ஆண் மான் தாழ்வான கிளை ஒன்றின் அடியில் குளம்பால் சருகைச் சீய்த்து வெறும் மண்ணாக்கும். கிளை நுனியை நக்கும், மெல்லும், நெற்றியையும் கண்ணோரச் சுரப்பியையும் அதில் தேய்க்கும். பிறகு பின்னங்கால்களை ஒட்டிவைத்து, அங்குள்ள சுரப்பிகள் நனைய அந்த மண்ணில் சிறுநீர் விடும். வட்டாரத்து மான்கள் வந்து மோந்து பார்க்கும் இந்த இடம்தான் ஸ்கிரேப். அதை வேட்டைக்காரர் போலியாக உருவாக்கினால் மாக் ஸ்கிரேப்.

அசல் ஸ்கிரேப்புக்கு மான்கள் பெரும்பாலும் இரவில்தான் வரும். சட்டமோ இருட்டில் சுட விடாது. டிரிப்பர் இங்கேதான் நுழைகிறது. வெயில் ஏற ஏற, குப்பிக்குள் இருக்கும் காற்று விரிந்து வாசனைத் திரவத்தை வெளியே தள்ளும். குளிர்ந்தால் காற்று சுருங்கி, சொட்டு நின்றுவிடும். வாசனை பகலில் மட்டும் புதிதாக விழுந்தால் மானும் பகலில் வரப் பழகும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு.

சொட்டும் கலையில் குறையில்லை. காலை வெயில் படும் காட்டோரத்தில் கட்டினால், சூடு ஏறியதும் குழாய்க்கு நேர் கீழே மண் கறுத்து ஈரமாவதைப் பார்க்கலாம். நாளெல்லாம் மேகமும் ஒரே குளிருமாக இருந்தால் நுனி காய்ந்தே கிடக்கும். மானைப் பழக்கும் என்பதைத்தான் அப்படியே நம்ப முடியவில்லை. துப்பாக்கிச் சத்தம் ஓயாத காட்டில் பெரிய ஆண் மான் பகலில் ஒளிவது மனிதனுக்குப் பயந்து. அதற்குச் சொட்டு மருந்து கிடையாது.

எதை ஊற்றுவது என்பதிலும் கவனம் வேண்டும். மான்களின் மூளையைச் சிதைக்கும் சிடபிள்யூடி நோய்க்குக் காரணமான பிரியான்கள் சிறுநீரிலும் வெளியேறும். மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் இருக்கும். அதனால் வெர்ஜீனியா 2015இலும் வெர்மான்ட் 2016இலும் இயற்கை மான் சிறுநீர் கலந்த வேட்டை வாசனைகளைத் தடைசெய்தன. செயற்கைத் திரவமே உத்தமம். கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு ஊற்ற வேண்டும், மனித வாடை ஒட்டினால் கதை கெட்டது.

கிளை சரியாக அமையாவிட்டால் இந்தக் குப்பிக்குக் கொடுத்த காசு தண்டம். மானின் மூக்குக்கு எட்டும்படி, நாலைந்து அடி உயரத்தில் கிளை தொங்க வேண்டும். மரமில்லாத வெளியில் கம்பம் நட்டுத் தடித்த சணல் கயிற்றைத் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. கயிறு மட்டுமே இருந்தாலும் பெண் மான்கள்கூட வந்து மோந்து பார்க்கும், அதுவும் பருவம் பார்க்காமல். டிரிப்பரை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.