384 படிவங்களும் ஒரு கிராமமும்

கெடாவில் பள்ளி வேலையையும் பார்த்துக்கொண்டு பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் தமிழாசிரியரிடம் 384 என்று சொன்னால் போதும், எந்த அட்டவணை என்று கேட்காமலே தெரிந்துகொள்வார். கிரெஜ்சி, மோர்கன் என்ற இரு அமெரிக்கர்கள் 1970இல் வெளியிட்ட சிறு கட்டுரையில் இருக்கும் அட்டவணை அது. ஆய்வுக்குரிய மக்கள் நூறு பேர் என்றால் 80 பேரிடம் கேட்டால் போதும். ஆயிரம் பேர் என்றால் 278. பத்து இலட்சம் பேர் ஆனாலும் 384தான். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, ஐந்து புள்ளி அளவுகோலில் வினாநிரல் தயாரித்து, பள்ளி பள்ளியாகக் கொடுத்து வாங்கி, எஸ்பிஎஸ்எஸ் அல்லது ஸ்மார்ட்பிஎல்எஸ் மென்பொருளில் ஏற்றி, ஐந்து அதிகாரங்களில் எழுதி முடிப்பது நம் நாட்டில் நன்கு பழகிப்போன வழி. கல்வியியலிலும் நிர்வாகவியலிலும் முனைவர் ஆய்வு என்றாலே பலருக்கு இந்த உருவம்தான் மனத்தில் எழுகிறது.

இந்த வழியை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1984இல் தொடங்கிய உத்தாரா பல்கலைக்கழகம் சிந்தோக்கில் இருக்கிறது. பினாங்கில் 1969 முதலே அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் அங்கே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும்போது கையில் சம்பளமும் குடும்பமும் வீட்டுக் கடனும் இருக்கின்றன. காலையில் வகுப்பு, மாலையில் புறப்பாட நடவடிக்கை, இரவில்தான் மடிக்கணினி. ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு தோட்டத்தில் போய்த் தங்கு என்று இவர்களிடம் யார் சொல்ல முடியும்? கல்வி அமைச்சின் அனுமதியும் மாநிலக் கல்வி இலாகாவின் கடிதமும் கைக்கு வந்துவிட்டால், வினாநிரலை ஒரே பள்ளித் தவணைக்குள் கொடுத்து வாங்கிவிடலாம். நீளும் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கட்டணம் உண்டு. அரசாங்கத்தின் மைபிரெய்ன்15 திட்டம் 2023க்குள் அறுபதாயிரம் முனைவர்கள் வேண்டும் என்று இலக்கு வைத்தபோது, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கக்கூடிய முறையாக இதுதான் கைக்கெட்டியது.

இன்னொரு நன்மையும் உண்டு. அதை அதிகம் பேர் சொல்வதில்லை. எண்கள் ஆய்வாளரை மறுத்துப் பேசும். தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளை படிப்பில் அக்கறை இல்லை என்று பதினைந்து ஆண்டுகளாக ஆசிரியர் அறையில் பேசிப் பேசி நம்பிவிட்ட ஒருவர், தம் படிவங்களே அதற்கு எதிராகச் சாட்சி சொல்வதைப் பார்க்க நேரலாம். நேர்காணலில் நமக்குப் பிடித்த வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தப்பிவிடலாம். சராசரியிடமிருந்து அப்படித் தப்ப முடியாது.

ஆனாலும் முனைவர் பட்டத்தில் சிக்கிக்கொள்கிறவர்களின் துன்பத்தைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே வேரில் போய் நிற்கிறது: கேள்வி பிறக்கும் முன்பே கருவியைத் தேர்ந்துவிடுவது. ஐந்து புள்ளி அளவுகோலே ஒரு முனைவர் ஆய்விலிருந்து வந்ததுதான். ரென்சிஸ் லிக்கர்ட் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு எழுதி 1932இல் வெளியான ஆய்வு அது. மனப்பான்மையை அளப்பது எப்படி என்ற கேள்வி அவருக்கு முதலில் இருந்தது. அளவுகோல் அதற்கு விடையாகப் பிறந்தது. நம்மிடம் வரிசை தலைகீழாகிவிட்டது. சுதந்திர மாறி, சார்பு மாறி, இடையே ஒரு மத்தியஸ்த மாறி என்று பெட்டிகளையும் அம்புகளையும் வரைந்துவிட்டு, பிறகு அதில் போட ஒரு சிக்கலைத் தேடுகிறோம்.

அட்டவணைக்கும் அதே கதி. கிரெஜ்சியும் மோர்கனும் வைத்த நிபந்தனைகள் தெளிவானவை: முழு மக்கள்தொகை தெரிந்திருக்க வேண்டும், அதிலிருந்து குருட்டுச் சீட்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேடுவது ஒரு விகிதமாக இருக்க வேண்டும். கெடாவின் தோட்டத் தமிழர்களுக்கு அப்படிப்பட்ட பட்டியல் எங்கே இருக்கிறது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின. பீடோங், பாடாங் செராய், லூனாஸ் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் சுங்கை பட்டாணியின் தாமான்களுக்கும் கூலிமின் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபோயின. 1996இல் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளில் அவர்களின் பிள்ளைகள் ஷிப்ட் பார்க்கிறார்கள். இந்த மக்களைப் பற்றி எழுதும் ஆய்வு, பள்ளிக்கு வரும் பெற்றோரிடம் மட்டும் 384 படிவங்களைக் கொடுத்து வாங்கினால், வராத பெற்றோரைப் பற்றி அது எதுவும் பேச முடியாது. பல சமயங்களில் ஆய்வின் தலைப்பே வராதவர்களைப் பற்றியதாக இருக்கிறது என்பதுதான் வேதனை.

படிவத்தை நீட்டுகிற கை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். பிள்ளையின் வகுப்பாசிரியரே கொடுத்தால் எந்த அம்மா 'உடன்படவில்லை' என்று வட்டமிடுவார்? நான்கு, நான்கு, ஐந்து என்றுதான் வரும். பிறகு குரோன்பாக் ஆல்பா 0.9 வந்துவிட்டது என்று மகிழ்ச்சி. ஒரே கேள்வியைச் சொல் மாற்றி ஆறுமுறை கேட்டாலும் ஆல்பா உயரும். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அது காட்டும். உண்மையைச் சொன்னார்களா என்பது அதற்குத் தெரியாது.

இதை விளங்கிக்கொள்ள கெடாவைவிட நல்ல இடம் கிடைக்காது. அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரையிலான காலத்தில் மூடா சமவெளியில் ஒரு மலாய் நெல் கிராமத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். கிராமத்துக்குச் செடாகா என்று புனைபெயர் வைத்தார்; நூல் 1985இல் வெளிவந்தது. மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் இருபோகம் வந்து, வருமானம் உயர்ந்து, அதன் பின்னாலேயே அறுவடை எந்திரங்களும் வந்து ஏழைகளின் கூலியைப் பறித்த நேரம் அது. நாற்று நடும் பெண்கள், எந்திரம் பிடித்த நிலக்காரர்களுக்கு நடவுக்குப் போகாமல் இழுத்தடித்தார்கள். புறக்கணிக்கிறோம் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. இன்னொரு வயலில் வேலை முடியவில்லை என்றார்கள். வெளியாட்களைக் கொண்டுவருவோம் என்ற மிரட்டல் வந்ததும் திரும்பி வந்தார்கள். 'நிலவுடைமையாளரோடு எனக்கு நல்லுறவு உள்ளது' என்று ஒரு வினாவை அந்தப் பெண்களிடம் கொடுத்திருந்தால் எத்தனை பேர் ஒன்று அல்லது இரண்டை வட்டமிட்டிருப்பார்கள்? ஒருவர்கூட இருக்காது என்றே நினைக்கிறேன். நடந்ததோ ஒரு போராட்டம்.

அதே ஸ்காட் எண்ணவும் செய்தார். எழுபதுக்குச் சற்று அதிகமான குடும்பங்களை வருமானப்படி, ஏழையிலிருந்து பணக்காரர் வரை, வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை போட்டிருக்கிறார். கதையும் கணக்கும் ஒன்றையொன்று சரிபார்ப்பதுதான் அந்த நூலின் பலம். அவருடைய முனைவர் ஆய்வும் மலேசியாவைப் பற்றியதே: இருபது பேரைக்கூட எட்டாத அரசு அதிகாரிகளிடம் ஆழமாகப் பேசி எழுதியது. எண்ணிக்கை குறைவு என்று அதை யாரும் தள்ளவில்லை. கேள்விக்கு அவ்வளவு பேர் போதும்.

செடாகாவுக்குப் போனபோது ஸ்காட் பேராசிரியர், கைவசம் காலம் இருந்தது என்று சொல்லலாம். அப்படியானால் ரவீந்திர ஜெயினைப் பார்க்கலாம். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக 1960களின் தொடக்கத்தில் மலாயா வந்த அவர், ஒரே ஒரு ரப்பர் தோட்டத்தை எடுத்துக்கொண்டார். அந்த ஆய்விலிருந்து வளர்ந்து 1970இல் வெளியான நூலைத் தோட்டத் தமிழர் பற்றி எழுதுகிற எவரும் இன்றும் தாண்டிப் போக முடியாது. அவருக்குத் தமிழ் தாய்மொழி இல்லை. நம் ஆசிரியர்களுக்கு மொழி இருக்கிறது, உறவு இருக்கிறது, லயத்தில் வளர்ந்த நினைவு இருக்கிறது. அதிலும் ஓர் ஆபத்து உண்டு. "உனக்குத் தெரியாததா தம்பி" என்று சொல்லிப் பெரியவர்கள் பேச்சை முடித்துவிடுவார்கள். ஆய்வாளரும் தமக்குத் தெரியும் என்றே எழுதிவிடுவார். வெளியாள் கேட்கத் துணியும் அற்பக் கேள்விகளை உள்ளூர்க்காரர் வலிந்து கேட்கப் பழக வேண்டும்.

மற்றத் தவறுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 'மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் சிக்கல்கள்' போன்ற தலைப்பு ஒரு வாழ்நாளுக்குப் போதும், மூன்றாண்டுக்கு ஒத்துவராது. எஸ்வி என்று நாம் அழைக்கும் மேற்பார்வையாளரைப் பெயரைப் பார்த்துத் தேர்ந்து, அவர் அடுத்த ஆண்டே ஓய்வு பெறுவதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் சஞ்சிகையில் அவசரமாகக் கட்டுரை போட்டுவிட்டு வைவாவில் அதற்கே பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். வினாநிரலே பொருந்தாத தலைப்புகளும் இருக்கின்றன. கள்ளுக்கடைகளை எதிர்த்து 1947இல் கெடா தோட்டங்களில் போலீசாரோடு மோதிய தொண்டர் படையைப் பற்றி எழுத விரும்புகிறவர் ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

பகுதி நேர ஆசிரியருக்கு நான் சொல்லக்கூடிய வழி இது. ஒரே ஒரு குடியிருப்பு, ஒரே ஒரு பள்ளி, அறுபது குடும்பங்கள். முதல் ஆறு மாதம் வார இறுதிகளில் வெறுங்கையோடு போய்ப் பேசுவது. அங்கே காதில் விழுந்த சொற்களைக் கொண்டு, அதன் பிறகு, ஒரு சிறு வினாநிரல். அதை நிரப்பச் சொல்ல வேறு பள்ளி ஆசிரியரோ நண்பரோ போகட்டும். புரோபோசல் குழுவில் மாதிரி அளவு என்ன என்று கேட்பார்கள். அறுபதுக்கு அட்டவணை 52 என்கிறது. 52 வீட்டுக்குப் போகிறவர் மீதி எட்டு வீட்டுக் கதவையும் தட்டிவிடலாம்; முழு மக்கள்தொகை கையில் இருக்கும்போது மாதிரி பற்றிய விவாதமே எழாது. பகலில் போனால் பூட்டியிருக்கிற, அப்பாவும் அம்மாவும் எதிரெதிர் ஷிப்டில் வேலை பார்க்கிற வீடுகள் பெரும்பாலும் அந்த எட்டில்தான் இருக்கும். பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளைப் பற்றி எழுதுவதாக இருந்தால் ஆய்வை அந்த வீடுகளிலிருந்து தொடங்குவதே சரி. இரவு ஒன்பது மணிக்கு மேல் போனால் ஒருவராவது வீட்டில் இருப்பார்.